தங்கை கல்யாணம் தையில்: சமையல், போட்டோ, டெக்கரேஷனுக்கு யாரை நம்பி அட்வான்ஸ் கொடுப்பது?

நெல்லைக்காரன்_சென்னையில்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு வரும் தை மாதம் பாளையங்கோட்டையில் கல்யாணம். நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன், அப்பா இல்லை, ஊரில் அம்மாவும் தாய்மாமாவும்தான் ஓடியாடிப் பார்க்கிறார்கள். மாமாவுக்கும் சர்க்கரை, ரொம்ப அலையவிட முடியாது. அதனால் ஆள் பேசுவது, பணம் அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. மண்டபம் பிடித்தாயிற்று, மற்றதெல்லாம் இனிமேல்தான்.

போன வாரம் தாலிக்கொடி எடுக்கப் போயிருந்தோம். அங்கே எனக்கு ஒரு பயமும் இல்லை. ஹால்மார்க் முத்திரையும் அதோடு ஆறு இலக்க ஹெச்யூஐடி எண்ணும் பார்த்தேன், பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை அடித்தேன், 916 என்று வந்தது, முடிந்தது. 2023 ஏப்ரலிலிருந்து அந்த எண் இல்லாமல் நகை விற்கக் கூடாது என்பதால் கடைக்காரரும் அவராகவே காட்டிவிட்டார். ஆனால் சமையல்காரருக்கும் போட்டோகிராபருக்கும் டெக்கரேஷன்காரருக்கும் அப்படி ஒரு முத்திரை இல்லையே! எதைப் பார்த்து நம்புவது?

இவ்வளவு யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. போன ஆவணியில் சித்தி மகனுக்குக் கல்யாணம். இன்ஸ்டாகிராமில் படங்களைப் பார்த்து ஒருவரிடம் மணவறை அலங்காரத்தை 85,000 ரூபாய்க்குப் பேசி, 60,000 முன்பணமாகக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு விடியற்காலை நாலு மணிக்கு வந்தது வேறு யாரோ இரண்டு பையன்கள். காட்டிய படத்தில் இருந்த ரோஜாவும் சம்பங்கியும் இல்லை, தூசி படிந்த பிளாஸ்டிக் பூக்கள்தான். பெயர்ப் பலகையில் முந்தைய ஜோடியின் எழுத்துகளைப் பெயர்த்தெடுத்த பசைத் தடம்கூட அப்படியே இருந்தது, எங்கள் எழுத்துகளை அதற்கு மேலேயே ஒட்டினார்கள். பேசின ஆள் போனை எடுக்கவே இல்லை. சித்தி எல்லோரிடமும் சிரித்த முகமாக நின்றாள். மண்டபம் காலியான பிறகு ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். என் அம்மாவுக்கு அந்த நிலை வரக்கூடாது.

இப்போது சமையலுக்கு மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். இலைக்கு ஒருவர் 210, ஒருவர் 260, ஒருவர் 340 சொல்கிறார், சுமார் 700 இலை வரும். போட்டோ, வீடியோ, ஆல்பம் சேர்த்து ஒருவர் 1,30,000 சொல்லி எழுபது சதவீதம் முன்னாடியே கேட்கிறார். மண்டபத்தில் "எங்கள் டெக்கரேஷன் ஆளையே வைத்துக்கொள்ளுங்கள், வெளியாள் என்றால் 15,000 தனியாகக் கட்டுங்கள்" என்கிறார்கள். மேளத்துக்கு இன்னும் பேசவே இல்லை. கல்யாணம் செய்து பார்த்தவர்கள், இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

---

மதுரை_அம்மா:

தம்பி, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து கொடுத்திருக்கிறேன், மூத்தவளுக்கு 2014ல், இளையவளுக்கு 2022ல். இரண்டும் மதுரையில்தான். சமையலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவது அதைப் பற்றித்தான்.

மூத்தவள் கல்யாணத்தில் முதல் பந்தி பிரமாதம். இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்தார், அவர் இலையில் கூட்டு இல்லை, அப்பளம் இல்லை, ரசம் என்று ஊற்றியது வெந்நீர் மாதிரி இருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மோருக்குக்கூடக் காத்திருக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்தார். அந்த மூடின இலையை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த காண்ட்ராக்டர் அதே முகூர்த்தத்துக்கு ஐந்து இடத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். எங்களிடம் உட்கார்ந்து மெனு எழுதின மாஸ்டர் வேறு மண்டபத்தில் நின்றிருக்கிறார், எங்களுக்கு வந்தது அவருடைய மச்சானும் இரண்டு கையாள்களும்.

அதனால் இளையவளுக்குப் பேசும்போது எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்விதான் கேட்டேன். "அன்றைக்கு எங்கள் அடுப்படியில் யார் நிற்பார், அவர் பெயரும் நம்பரும் கொடுங்கள்." ஒருவர் "நானேதான்மா" என்றார். அன்றைக்கு எத்தனை ஆர்டர் என்று கேட்டால் நாலு என்கிறார். நாலு இடத்தில் ஒரு ஆள் எப்படி நிற்பார்? இன்னொருவர் நேராகவே சொன்னார், "நான் வரமாட்டேன், இந்த மாஸ்டர் வருவார். ஞாயிற்றுக்கிழமை அவர் கையால் ஒரு நிச்சயதார்த்தம் நடக்கிறது, அந்த வீட்டுக்காரரிடம் நான் சொல்லிவைக்கிறேன், வந்து பாருங்கள்." அவரைத்தான் வைத்தோம்.

போய்ப் பார்க்கும்போது முதல் பந்திக்குப் போகாதீர்கள், மூன்றாவது பந்திக்குப் போங்கள். வாசல் பக்கம் நிற்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போங்கள். காய் வெட்டுவது மேசையிலா, தரையில் சாக்கு விரித்தா? வடை போட்ட எண்ணெய் எவ்வளவு கறுத்திருக்கிறது? சாதம் கடைசிப் பந்தியிலும் உதிரியாக இருக்கிறதா, இல்லை முன்கூட்டியே வடித்து மூடிவைத்துக் கட்டி கட்டியாக விழுகிறதா? பரிமாறுகிற பையன்கள் கரண்டியால் வைக்கிறார்களா, கையால் வைக்கிறார்களா? ஒரு வயசானவர் இரண்டாம் முறை சாம்பார் கேட்டால் காதில் வாங்குகிறார்களா? அவர் வீட்டில் உங்களுக்கு ருசி பார்க்க என்று செய்து தருவது நாலு பேருக்கான சமையல் தம்பி, அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். 210 சொல்கிறவரிடம் எதெல்லாம் அதில் இல்லை என்று கேளுங்கள். இலை, தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம், வெற்றிலை பாக்கு, கேஸ், பரிமாறுகிறவர்கள் பேட்டா, பாத்திரம் கழுவ ஆள், இதெல்லாம் தனி என்றால் கடைசியில் 260ஐத் தாண்டிவிடும். உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் கேளுங்கள், பதினாலு இலக்கம் இருக்கும். இருந்தால் ருசி வந்துவிடாது, சரிதான், ஆனால் கேட்டதுமே ஒருவர் கோபப்பட்டால் நமக்கு ஒன்று புரிந்துவிடும்.

அப்புறம் இலைக் கணக்கு. குறைந்தபட்சம் எத்தனை இலைக்குக் காசு, அதற்கு மேல் போனால் இலைக்கு என்ன என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் பக்கம் ஒரு பொறுமையான ஆளை, சித்தப்பாவோ பெரியப்பாவோ, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு நோட்டோடு உட்காரவையுங்கள். ஒவ்வொரு பந்தியும் உட்கார்ந்ததும் இலையை எண்ணி நோட்டில் எழுதி, அப்போதே கேட்டரிங் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். எல்லாம் முடிந்து சாயங்காலம் உட்கார்ந்து "700 இல்லை, 860" என்று அவர் சொல்வதும் நாம் இல்லை என்பதும் ரொம்ப அசிங்கம், பெண்ணை அனுப்பிவிட்டு நிற்கிற நேரத்தில் அந்தச் சண்டை வேண்டாம்.

---

கோவில்பட்டி_குமார்77:

அம்மா சொன்னதெல்லாம் சரி. நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். சொந்தக்காரர் கைகாட்டுகிற ஆளை அதற்காகவே எடுக்காதீர்கள். என் அண்ணன் கல்யாணத்துக்கு வேனும் மினி பஸ்ஸும் மாமா ஒருவர் ஏற்பாடு செய்தார். விடியற்காலை ஐந்துக்கு வரவேண்டிய வண்டி ஏழுக்கு வந்தது, ஏசி வேலை செய்யவில்லை. யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் மாமாவுக்குக் கோபம், அவரை வைத்துக்கொண்டு பணத்தையும் பிடிக்க முடியாது. அதில் அவருக்குக் கமிஷன் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

சொந்தக்காரரிடம் "யாரை வைக்கலாம்" என்று கேட்காமல் "உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வந்தார், என்ன குறை வைத்தார்" என்று கேளுங்கள். குறையே இல்லை என்று சொல்கிறவரைவிட, "சாப்பாடு நல்லா இருந்தது, ஆனால் காபி லேட்" என்று சொல்கிறவர் பேச்சை நான் நம்புவேன்.

---

லென்ஸ்_கும்பகோணம்:

பதினேழு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். எழுபது சதவீதம் முன்னாடியே கேட்கிறவரிடம் போகாதீர்கள் சார். நான் தேதியைப் பிடிக்க 25 சதவீதம் வாங்குகிறேன், கல்யாணத்தன்று 50, ஆல்பம் கையில் கொடுக்கும்போது மீதி. எங்கள் பக்கத்தில் பலரும் ஏறக்குறைய இப்படித்தான். கடைசியில் ஒரு நல்ல தொகை உங்கள் கையில் நிற்க வேண்டும், அப்போதுதான் ஆல்பம் வரும். அதே நேரம் எங்கள் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். படங்களைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொன்னால் எட்டு மாதம் தராமல் இருக்கிற வீடுகள் இருக்கின்றன, மீதிப் பணமும் அதுவரை வராது. ஆகவே இரண்டு பக்கமும் தேதி எழுதுங்கள். நீங்கள் எத்தனை நாளில் படம் தேர்ந்தெடுத்துத் தருவீர்கள், அதிலிருந்து எத்தனை நாளில் ஆல்பம் வரும்.

இன்ஸ்டாகிராமில் போடுவது ஐம்பது கல்யாணத்திலிருந்து பொறுக்கின ஐம்பது படம். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கல்யாணத்தின் எல்லாப் படங்களையும், மாப்பிள்ளை அழைப்பிலிருந்து கடைசிப் பந்தி வரைக்கும், காட்டச் சொல்லுங்கள். மண்டபத்துக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் முகம் பச்சையடிக்கிறதா என்று பாருங்கள். ஹோமப் புகையில் என்ன எடுத்திருக்கிறார் என்று பாருங்கள். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற பாட்டி முகம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், நடுவில் நிற்கிற ஜோடி எல்லோர் படத்திலும் தெளிவாகத்தான் இருக்கும்.

அந்த அம்மா கேட்ட கேள்விதான் எங்களுக்கும். யார் வருவார்? பெரிய பெயர் இருக்கிற ஸ்டூடியோக்களில் ஒரே முகூர்த்தத்தில் நாலு டீம் போகும், மூன்று டீம் வாடகைக்கு எடுத்த பையன்கள். அதில் தப்பில்லை, எங்களுக்கும் வேறு வழி இல்லை, ஆனால் அந்தப் பையன் எடுத்த படங்களைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும், முதலாளி எடுத்ததை இல்லை. கெட்டிமேளம் கொட்டுகிற அந்த அரை நிமிஷம் எல்லோரும் அட்சதை போட எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள், அந்த நேரத்தில் எங்கே நிற்கவேண்டும் என்று தெரிந்தவன் வரவேண்டும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். கேமராவில் இரண்டு மெமரி கார்டு போடுகிற வசதி இருக்கிறதா, ஒரே படம் இரண்டிலும் பதிவாகிற மாதிரி வைத்து எடுக்கிறாரா? என் நண்பன் ஒருவனுக்கு ஒரே கார்டில் எடுத்து அது கெட்டுப்போய், ஒரு வீட்டின் தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. மாங்கல்ய தாரணத்தைத் திரும்ப நடத்தவா முடியும்? அவன் அந்த வீட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான், ஆனாலும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. நீங்களே ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், கல்யாணம் முடிந்த இரண்டு மூன்று நாளுக்குள் எடுத்த எல்லாவற்றையும் அப்படியே அதில் போட்டுத் தரவேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். ஆல்பம் பிறகு மெதுவாக வரட்டும்.

---

நெல்லைக்காரன்_சென்னையில்:

அம்மா, ரொம்ப நன்றி. அந்தக் கேள்வியை இன்றைக்கே மூன்று பேரிடமும் போனில் கேட்டேன். 210 சொன்னவர் "அதெல்லாம் ஏன் சார், நம்ம கம்பெனி ஆள்தான் வருவாங்க" என்று பேச்சை மாற்றினார். 260 சொன்னவர் ஒரு மாஸ்டர் பெயரைச் சொல்லி, வருகிற ஞாயிறு மேலப்பாளையத்தில் ஒரு விசேஷம் என்றார், போகப்போகிறேன். 340 சொன்னவர் நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

லென்ஸ் சார், இரண்டு கார்டு விஷயம் நான் கேள்விப்பட்டதே இல்லை, கேட்கிறேன்.

எழுதி வாங்குவது என்று எல்லோரும் சொல்கிறீர்கள். ஊரில் கல்யாண வீட்டில் பத்திரம் நீட்டினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று அம்மா தயங்குகிறாள். மண்டபத்தில் கேட்கிற அந்த 15,000 பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

மண்டபம்_மேனேஜர்_தென்காசி:

நான் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருக்கிறேன், பெயர் வேண்டாம். வெளி டெக்கரேஷனுக்குத் தனிக் கட்டணம் வாங்குவது நிறைய மண்டபங்களில் இருக்கிறது. உங்கள் புக்கிங் ரசீதிலோ அதன் பின்பக்க நிபந்தனைகளிலோ அது அச்சாகியிருந்தால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அதில் இல்லாமல் இப்போது வாயால் சொல்கிறார்கள் என்றால் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். முந்தின நாள் மதியம் சாமான் இறக்குகிற நேரத்தில் பேசினால் உங்கள் கை தாழ்ந்துபோகும். மண்டபத்து ஆளையே வைத்துக்கொள்வதில் ஒரு நல்லதும் இருக்கிறது, ஏதாவது ஆனால் பிடிக்க நாங்கள் அங்கேயே இருக்கிறோம். ஆனால் அவர் வேலையையும் நேரில் வந்து பாருங்கள்.

வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளா வெளியா என்று கேளுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக கரண்ட் மீட்டரை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் யூனிட் கணக்கில்தான் பணம் பிடிப்போம். ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தையும் அப்படியே. பாத்திரங்களை ஸ்டோரிலிருந்து எடுக்கும்போது உங்கள் ஆளும் எங்கள் ஆளும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போடவேண்டும். திரும்ப ஒப்படைக்கும்போது ஒரு அண்டா, இரண்டு தாம்பாளம் குறைகிறது என்று அட்வான்ஸில் கழிப்பது எல்லா மண்டபத்திலும் நடக்கிற சண்டை, பாதி நேரம் அது கேட்டரிங் வண்டியில் தெரியாமல் ஏறிப் போயிருக்கும். காலி செய்யும் நேரம் மறுநாள் இரண்டு மணியா மூன்று மணியா, தாண்டினால் மணிக்கு எவ்வளவு, அதையும் கேட்டுவிடுங்கள்.

மண்டப ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷச் சட்டப்படி கல்யாணத்தைப் பதிவு செய்வது கட்டாயம், 90 நாளுக்குள் செய்யவேண்டும். அழைப்பிதழோடு இதையும் கொண்டுபோனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆதாரமாக உதவும்.

---

குமாஸ்தா_சங்கரன்கோவில்:

உங்கள் அம்மா தயங்குவது புரிகிறது, என் அம்மாவும் அப்படித்தான். முத்திரைத்தாளெல்லாம் வேண்டாம் தம்பி. பேசிவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். "ஐயா, இன்று பேசியபடி இந்தத் தேதி, இந்த மண்டபம், இத்தனை இலை, இலைக்கு இவ்வளவு, இன்ன மாஸ்டர் வருவார், முன்பணம் இவ்வளவு அனுப்பியிருக்கிறேன், சரிதானே?" என்று மரியாதையாக எழுதி, அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும். யாருக்கும் மனசு நோகாது, உங்களிடம் எழுத்தும் இருக்கும்.

நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், அப்படி இருந்தும் சொந்த விஷயத்தில் கோட்டை விட்டேன். அக்கா கல்யாணம் 2020 வைகாசியில் வைத்திருந்தோம். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, மண்டபம் மூடிவிட்டார்கள், வீட்டு வாசலில் சிலபேரை வைத்துத் தாலி கட்டினோம். டெக்கரேஷனுக்குக் கொடுத்திருந்த 40,000ஐத் திருப்பிக் கேட்டால் "அட்வான்ஸ் திரும்ப வராது" என்று முடித்துவிட்டார். தள்ளிவைத்தால் என்ன, ரத்தானால் என்ன என்று நாங்கள் ஒரு வரி எழுதவில்லை. இன்னொரு சிக்கல், பணம் போனது அவருடைய மனைவி பெயரில் இருந்த ஜிபே எண்ணுக்கு. "உங்களுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்" என்றுகூட ஒரு கட்டத்தில் கேட்டார். கடைசியில் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிய பிறகு 25,000 வந்தது. மீதி போனது போனதுதான்.

ஆகவே பணம் அனுப்பும்போது திரையில் வருகிற பெயரைப் பாருங்கள். தொழிலின் பெயரிலோ, உங்களிடம் பேசினவர் பெயரிலோ இருக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது. ஜிஎஸ்டி எண் அச்சடித்த பில் கொடுத்தால் அந்தப் பதினைந்து எழுத்தை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும், எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். சின்ன ஆட்களுக்கு ஜிஎஸ்டி இருக்காது, அதனால் அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் எண் இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி மட்டும் சேர்த்து வாங்குகிறவரை விட்டு விலகிவிடுங்கள்.

மீறி ஏதாவது நடந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், கல்யாணம் பாளையங்கோட்டையில் நடந்தாலும் நீங்கள் சென்னையில் போட முடியும். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். அங்கே கேட்பது ரசீது, பணம் போன விவரம், என்ன பேசினீர்கள் என்ற எழுத்து, அன்றைக்கு எடுத்த படங்கள். உங்கள் சித்தி வீட்டில் அந்தப் பசைத் தடத்தை யாராவது படம் எடுத்திருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

---

தோவாளை_பூ:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூ வியாபாரம். தையில் கல்யாணம் என்பதால் இதைச் சொல்கிறேன். பனிக்காலத்தில் மல்லி, பிச்சி வரத்து ரொம்பக் குறைந்துவிடும், அந்த நேரத்தில் முகூர்த்த நாளும் சேர்ந்தால் கிலோ ஆயிரக்கணக்கில் போகும். டெக்கரேஷன்காரர் ஐப்பசியில் பேசின விலையில் தையில் செய்ய முடியாமல் பிளாஸ்டிக்கைக் கலப்பது இதனால்தான். கெட்ட எண்ணம் இல்லாதவர்கூட அப்படிச் செய்துவிடுகிறார். முதலிலேயே எந்த இடத்துக்கு எந்தப் பூ, எது நிஜம், எது செயற்கை என்று பேசுங்கள். மணவறைத் தூணுக்கும் மேல்பந்தலுக்கும் செயற்கை இருந்தால் தூரத்தில் யாருக்கும் தெரியாது. உட்காருகிற இடத்தைச் சுற்றிலும் சம்பங்கி, சாமந்தி, ரோஜா என்று நிஜப் பூ கேளுங்கள், மல்லியை அலங்காரத்துக்குக் கேட்காதீர்கள், வீண்.

மணமாலையை டெக்கரேஷனோடு சேர்க்காமல் மாலை கட்டுகிற கடையில் நேராகச் சொல்லிவிடுங்கள். எத்தனை அடி, என்ன பூ என்று பேசி, முந்தின நாள் ராத்திரி கட்டி ஈரத்துணி சுற்றித் தரச் சொல்லுங்கள்.

---

தவில்_ரசிகன்:

மேளத்துக்கு ஒரு வார்த்தை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி என்று முழு செட் பேசுவார்கள், முகூர்த்த நாளில் ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் மட்டும் வந்து நிற்கும். யார் யார் வருகிறார்கள் என்று வித்வான்கள் பெயரோடு பேசுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் திருவிழாவுக்கு வாசிக்கிறவர்களைக் கேட்டுவிட்டு அவர்களிடமே நேரில் போய், வெற்றிலை பாக்கு தாம்பாளத்தில் முன்பணம் வைத்துக் கொடுங்கள். நடுவில் ஏஜெண்ட் வேண்டாம், கொடுக்கிற காசு பாதி அவர்களிடம் போய்ச் சேருவதில்லை. சாப்பாடு, அறை, வண்டி மூன்றையும் சரியாகக் கவனியுங்கள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்துக்கு உட்காரவைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

---

நெல்லைக்காரன்_சென்னையில்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் ஊருக்குப் போனேன். ஞாயிறு மேலப்பாளையத்து விசேஷத்துக்கு மாமாவையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது பந்தி நேரத்துக்குப் போய்ப் பின்கட்டில் நின்றோம். அந்த மாஸ்டருக்கு ஐம்பது வயசு இருக்கும், எங்களோடு பேச நேரமில்லை என்று கையை மட்டும் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். கடைசிப் பந்திக்குச் சாதம் குறையும் என்று தெரிந்ததும் யாரும் கேட்காமலே இன்னொரு உலை வைத்தார். பரிமாறுகிற பையன் ஒருவன் அவியலைக் கையால் அள்ளப் போக, அவன் கையில் கரண்டியைத் திணித்தார். அங்கேயே மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். இலைக்கு 260, தண்ணீர் பாட்டில் தனி, 650 இலை குறைந்தபட்சம். வாட்ஸ்அப்பில் குமாஸ்தா அண்ணன் சொன்ன மாதிரியே எழுதி அனுப்பினேன், "சரி தம்பி" என்று குரல் செய்தியாக அனுப்பினார். தயவுசெய்து எழுத்தில் போடுங்கள் என்றேன், போட்டார். கோபப்படவில்லை.

போட்டோவுக்கு வேறு ஒருவரைப் பார்த்தோம், 1,15,000. முழுக் கல்யாணம் ஒன்றைத் திறந்து காட்டினார், 1,800 படம், அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். மண்டப ரசீதின் பின்பக்கத்தில் அந்த 15,000 பற்றி ஒன்றும் இல்லை. காட்டிக் கேட்டோம், 5,000க்கு இறங்கியிருக்கிறார்கள், அதை ரசீதிலேயே எழுதித் தந்தார்கள். டெக்கரேஷன் ஆள் இன்னும் முடிவாகவில்லை, தோவாளைக்கு அடுத்த வாரம் போகிறேன். சித்தி வீட்டில் அந்தப் பலகையை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள், சித்தப்பா 1915க்குப் பேசப்போகிறார்.

மறுவீட்டுக்கு அதே மாஸ்டர் கையால் சொதி வைக்கலாமா, இல்லை வீட்டுப் பெண்களே வைத்துவிடலாமா என்று அம்மா கேட்கிறாள். நூறு பேர் வருவார்கள்.

---

மதுரை_அம்மா:

நூறு பேருக்குத் தேங்காய் துருவிப் பால் பிழிந்து நிற்க உங்கள் அம்மாவுக்கு அன்றைக்குத் தெம்பு இருக்காது தம்பி, இரண்டு நாள் தூக்கமில்லாமல் இருப்பாள். மாஸ்டரிடமே விடுங்கள். மறுவீட்டுக்கும் அவரே வருகிறாரா என்று மறக்காமல் கேட்டு, அதையும் அந்தச் செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.